ஃப்ரீடாவைத் தாண்டி எல்லைக் கலை
கல்லூரி செமினாருக்கு மெக்சிகோ, அமெரிக்க எல்லையைப் பற்றிய இன்றைய படைப்பு ஒன்று வேண்டும், தேடினால் பழைய மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவே வருகிறார் என்று கேட்டிருந்தீர்கள். கலைஞர் அனா தெரேசா ஃபெர்னாண்டசை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வாழ்பவர். 2011இல் மெக்சிகோவின் எல்லை நகரான திஹுவானாவின் கடற்கரையில் எல்லை வேலிக் கம்பிகளுக்கு வான்நீலம் பூசினார். அதுவும் கறுப்பு கவுன், ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி! தூரத்திலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் வேலியே இல்லாதது போலிருக்கும். தலைப்பு, 'எல்லையை அழித்தல்'. அந்த உடை வெறும் அலங்காரமில்லை, பெண்ணின் உழைப்பைக் கண்ணில் படவைக்கும் உத்தி என்பது என் வாசிப்பு.

ஸ்லைடில் முதலில் தூரத்துப் படத்தைப் போடுங்கள், அப்புறம் கிட்டத்துப் படம். நேரம் மிஞ்சினால் 2019இல் இன்னொரு மெக்சிகோ எல்லை நகரான சியுதாத் ஹுவாரெஸ் பக்கம் ரொனால்ட் ரேல், வர்ஜீனியா சான் ஃப்ராடெல்லோ என்ற வேறு இருவர் வேலிக் கம்பிகளுக்கு இடையே செருகிய இளஞ்சிவப்பு சீசா பலகைகளையும் (இரு முனையிலும் உட்கார்ந்து ஏறி இறங்கி ஆடும் விளையாட்டுப் பலகை, see-saw) காட்டலாம்.