கேமரா இடம் மாறியதும் மாதிரி தவறுவது ஏன்?

வணக்கம். காட்டில் வைத்த தானியங்கிக் கேமராக்களின் படங்களைப் பார்த்து விலங்கின் இனத்தைச் சொல்லும் உங்கள் செயற்கை நுண்ணறிவு மாதிரி (model) சோதனையில் 96 சதவீதம் சரியாகச் சொன்னது, ஆனால் கேமராக்களை வேறு ஓடைக்கு மாற்றியதும் கடமானைக் காட்டுப்பன்றி என்கிறது, இன்னும் படங்கள் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய இடங்களிலிருந்தே சேர்த்தால் பெரிய பயனிருக்காது.

படங்களைக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்குமாகப் பிரித்ததாக எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். விலங்கு கடக்கும்போது கேமரா அடுத்தடுத்துச் சில படங்கள் எடுக்கிறது. அவற்றில் இரண்டு பயிற்சிக்கும் ஒன்று சோதனைக்கும் போனால், வினாத்தாளை முன்பே கொடுத்துத் தேர்வு வைத்த கதைதான். பின்னணியில் அந்த இடத்துப் பாறையும் புதரும் தெரிந்தால் பன்றி என்று மாதிரி மனப்பாடம் செய்திருக்கும். 2018இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழக (கால்டெக்) ஆய்வாளர்கள் அமெரிக்கத் தென்மேற்கின் கேமராப் படங்களில் இதையே கண்டார்கள்: புதிய இடங்களில் பிழைகள் வெகுவாகக் கூடின.

ஆகவே கேமரா வாரியாகப் பிரியுங்கள். சில கேமராக்களைப் பயிற்சியில் சேர்க்கவே வேண்டாம். மதிப்பெண் சரியும், அதுதான் உண்மையான மதிப்பெண், தயங்காமல் அதையே அறிக்கையில் எழுதுங்கள்.

அடுத்து, இலவசமாகக் கிடைக்கும் மெகாடிடெக்டர் என்ற மென்பொருளை முதலில் ஓடவிடுங்கள். அது இனத்தைச் சொல்லாது. விலங்கு, மனிதர், வாகனம் எங்கே என்று மட்டும் கட்டமிட்டுக் காட்டும். அந்தக் கட்டத்தை வெட்டியெடுத்து உங்கள் மாதிரிக்குக் கொடுத்தால் பின்னணியின் பிடி தளரும். விலங்கே இல்லாத வெற்றுப் படங்களும் கழிந்துவிடும். தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் கேமராப் படங்களிலேயே ஏறத்தாழ முக்கால் பங்கு வெற்றுப் படங்கள்தான்.

செந்நாய் போன்ற அரிய இனங்களுக்கு மொத்தச் சதவீதத்தை நம்பாதீர்கள். இனவாரியாகப் பிழைகளைப் பாருங்கள். மாதிரி உறுதியாகச் சொல்லாத படங்களைக் காட்டை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.