நாலுகால் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போதைப்பொருளைத் தேடும் நாய்களுக்கு முதலில் அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அடிமையாக்கிவிடுவார்களாம். அதனால்தான் வெறி பிடித்ததுபோல் தேடுகின்றன என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். உண்மையா? (வாசகி, செராஸ்)

இல்லவே இல்லை, தங்கச்சி. அந்தப் பொருள் உடம்புக்குள் போனால் நாய் தேடாது, சுருண்டு படுத்துவிடும், செத்தும் போகலாம். அது அவ்வளவு ஆவலாகத் தேடுவது தன் பந்தை.

செந்தூலில் ஒரு மண்டபத்தின் பின்னால், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வீட்டு நாய்களுக்கு மோப்பப் பயிற்சி கொடுக்கிறேன். நான் பயன்படுத்துவது கிராம்பு எண்ணெய். பொருள்தான் வேறு, முறை ஏறக்குறைய அதேதான். ஆறு மைலோ டப்பாக்கள், மூடியில் ஆணியால் குத்திய துளைகள். ஒன்றில் மட்டும் கிராம்பு எண்ணெய் தொட்ட பஞ்சு. நாய் வரிசையாக முகர்ந்துகொண்டே வரும். சரியான டப்பாவில் மூக்கு நின்ற நொடியே பந்து விழ வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் நாய் திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். முகத்தைப் பார்த்ததற்குத்தான் பந்து கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு சின்ன பந்துக்காக வால், முதுகு, காது எல்லாம் ஆட அது துள்ளுவதைப் பார்த்தால் உங்கள் மாமாவும் நம்பிவிடுவார்.

மணமும் பந்தும் மனதில் ஒன்றானபிறகுதான் அடுத்த பாடம்: கண்டுபிடித்தால் உட்கார். வெடிபொருள் தேடும் நாய்க்கு இது கட்டாயம். பொருளைப் பிறாண்டவே கூடாது.

இதில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். தெருவிலிருந்து வந்த ரோசி என்ற பழுப்பு நாய் மூன்று வாரம் ஒருமுறைகூடத் தவறவில்லை. நான்காவது ஞாயிறு, டப்பாக்களை வேறொருவர் அடுக்கினார். ரோசி ஆறையும் முகர்ந்தாள், திரும்ப முகர்ந்தாள், என்னைப் பார்த்து நின்றாள். வீட்டுக்கு வந்து முழங்காலுக்குக் கோடாலித் தைலம் தேய்க்கும்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கையோடுதான் பஞ்சை வைத்திருக்கிறேன். பாவம், மூன்று வாரமும் அவள் தேடியது தைலத்தை. இப்போது கையுறை போடாமல் எதையும் தொடுவதில்லை. மற்ற ஐந்து டப்பாக்களிலும் வெறும் பஞ்சு வைக்கிறேன். இல்லாவிட்டால் பஞ்சின் மணத்தையே படித்துக்கொள்ளும்.

கை மட்டும் இல்லை, நம் மனசும் கயிறு வழியாக நாய்க்குப் போய்விடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 18 நாய்கள், அவற்றை நடத்துபவர்கள். எந்த அறையிலும் எந்த மணப்பொருளும் வைக்கவில்லை. ஆனால் சிவப்புக் காகிதம் இருக்கும் இடத்தில் பொருள் இருக்கிறது என்று நடத்துபவர்களிடம் சொல்லி வைத்தார்கள். நாய் அங்கேதான் காட்டியது என்று பலரும் சொன்னார்கள். எது சரியான டப்பா என்று கயிறு பிடிப்பவருக்கும் தெரியாமல் வைக்க வேண்டும் என்று என் வகுப்பில் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கேள்வி: திருட்டு டிவிடி பிடிக்கும் நாய்கள் மலேசியாவுக்கு வந்தனவாமே? (வாசகர், பெட்டாலிங் ஜெயா)

வந்தன. லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார்கள், 2007-இல். ஜொகூர் பாருவில் ஏராளமான டிவிடிகளைக் காட்டிக்கொடுத்தன. அவற்றைக் கொல்லத் திருட்டுக் கும்பல் விலை வைத்திருப்பதாகவும் அப்போது செய்தி வந்தது. அவை தேடியது வட்டு செய்யும் பாலிகார்பனேட்டின் மணத்தை. அது அசலிலும் திருட்டிலும் ஒன்றுதான், பெட்டியைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும்.

கேள்வி: 2024 ஆகஸ்டில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நிலம் உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி விழுந்தபோது மோப்ப நாய்களும் வந்தன. ஆனாலும் கண்டுபிடிக்க முடியவில்லையே. நாயின் மூக்கு அவ்வளவுதானா? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

எங்கள் ஆள் ஒருவரே விழுந்ததுபோல் அன்று எல்லாரும் தவித்தோம். உங்கள் வருத்தம் புரிகிறது, அண்ணா. ஆனால் நாயைக் குறை சொல்லாதீர்கள். மனிதனின் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் 50, 60 லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். மூச்சை விடும்போதும் மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாக விடும். முன்னால் இருக்கும் மணம் கலையாது. அப்படிப்பட்ட மூக்குக்கும் மணம் வந்து சேர வேண்டுமே.

நாய் காட்டுவது மணம் வெளியே கசியும் இடத்தை. இடிபாட்டில் காற்று சந்து சந்தாகப் புகுந்து மேலே வரும், அதைப் பிடித்துக்கொண்டு நாய் போகும். மஸ்ஜித் இந்தியாவில் குழியின் ஆழம் எட்டு மீட்டர். கீழே வேகமாக ஓடும் கழிவுநீர். ஒன்பதாவது நாள் தேடலை நிறுத்தும்வரை அந்த ஓட்டத்தோடு முக்குளிப்பவர்களே போராடினார்கள். ஆளையும் மணத்தையும் தண்ணீர் சேர்த்தே கொண்டுபோய்விட்டால், மேலே நிற்கும் நாய் எதைப் பிடிக்கும்? போதாததற்கு நம்ம ஊர் வெயில். நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாயால் ஒழுங்காக முகர முடியாது. நான் ஏழு மணிக்கே வகுப்பைத் தொடங்குவதும் அதற்காகத்தான்.

நாள் கணக்கில் தேடியும் ஒன்றும் கிடைக்காவிட்டால் நாய் சோர்ந்துபோகும். அப்போது மீட்புக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. சக வீரர் ஒருவர் போய் ஒரு மறைவில் படுத்துக்கொள்வார். நாய் அவரைத் தேடிப் பிடித்துக் குரைக்கும். எல்லாரும் கைதட்டி, கட்டிப்பிடித்து, பந்தைக் கொடுப்பார்கள்.