எந்த நாட்டில் செய்தது, எந்த நாட்டுக்குச் செய்தது?

கேள்வி: ஒரே பிராண்டில் இரண்டு ஆம்ப்ளிஃபையர் பார்த்தேன். ஒன்று ஜப்பானில் செய்தது, இன்னொன்று வியட்நாமில். "ஜப்பான் சரக்கு சார், தலைமுறைக்கும் உழைக்கும்" என்கிறார் கடைக்காரர். விலையோ ஒன்றரை மடங்கு. வாங்கலாமா? – வாசகர், மயிலாப்பூர்

பதில்: முதலில் இரண்டும் ஒரே மாடல்தானா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. டெனான், மராண்ட்ஸ் இரண்டும் தங்கள் மேல்மட்ட மாடல்களை ஜப்பானில் ஃபுகுஷிமா மாவட்டத்தின் ஷிராகவா ஆலையில் செய்கின்றன. விலை குறைந்தவை வேறு நாடுகளில் தயாராகின்றன. ஸ்பீக்கரில் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸின் விலை உயர்ந்த 800 வரிசை இங்கிலாந்தின் வொர்திங்கில், 600 வரிசை சீனாவில். ஆகவே நீங்கள் கூடுதலாகத் தருவது பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கும் சூட்டை வெளியேற்றும் கனமான ஹீட்சிங்குக்கும்தான், ஊர்ப் பெயருக்கு இல்லை. வொர்ஃப்டேல், குவாட் என்று இங்கிலாந்துப் பெயர் தாங்கிய ஸ்பீக்கர்களின் உரிமையாளரே இன்று ஒரு சீனக் குழுமம். அதனால் அவை மட்டம் என்று யாரும் சொல்வதில்லை.

பார்க்க வேண்டியது வேறு. பவர் சப்ளையின் கண்டன்சரில் தாங்கும் சூடு 85 டிகிரி என்று போட்டிருக்கிறதா, 105 டிகிரியா? 105 நல்லது. உள்ளே சூடு 10 டிகிரி குறைந்தால் கண்டன்சரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சென்னை மே மாதத்தில், மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைத்தால் ஜப்பான் ஆம்ப்பும் வெந்துதான் போகும். மேலே 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். அதன் தலையில் செட்-டாப் பாக்ஸை ஏற்றாதீர்கள்.

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் மச்சான் ஊருக்குத் திரும்புகிறார், தன் ரிசீவரை (ரேடியோ சேர்ந்த ஆம்ப்ளிஃபையர்) தருகிறேன் என்கிறார். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதுமா? – வாசகர், அம்பத்தூர்

பதில்: பின்பக்கத் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றுதான் இருக்கும். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் ஃபியூஸ் போவது நல்ல காலம்; இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் போகும். வோல்ட்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் சில பழைய மாடல்களில் உண்டு. அதைத் திருப்பினால் ஃபியூஸையும் ஏறக்குறைய பாதி ஆம்பியருக்கு மாற்ற வேண்டும்.

ஸ்விட்ச் இல்லையென்றால் ஸ்டெப்-டவுன். தகட்டில் 400 வாட் என்றிருந்தால் ஸ்டெப்-டவுனின் திறன் 600 விஏ-வுக்கு (வோல்ட்-ஆம்பியர்) குறையாமல் வாங்குங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும். கையில் தூக்கிப் பாருங்கள், 600 விஏ என்று எழுதி லேசாக இருந்தால் வேண்டாம். ஆனால் ஸ்டெப்-டவுன் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மருக்கு நம் 50-இல் 120 வோல்ட் கொடுத்தால் அதன் இரும்புக் கோரில் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடி, ஹம் என்ற இரைச்சல் கேட்கும், சூடு ஏறும். 110 வோல்ட் தரும் ஸ்டெப்-டவுன் என்றால் அந்தக் கூடுதல் பாதியாகும். அதையே வாங்குங்கள்.

ரேடியோவிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க ட்யூனர் 0.2 மெகாஹெர்ட்ஸ் படியாகத் தாவும், ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டும் நிற்கும். 93.5, 98.3 வரும், 101.4 ரெயின்போவும் 106.4 ஹலோவும் நேராகப் பிடிபடாது. படியை மாற்றும் வசதி மெனுவில் இருக்கிறதா என்று மச்சானைக் கேளுங்கள்.

கேள்வி: ரெகார்டு பிளேயரும் ரேடியோவும் சேர்ந்த பழைய ஜப்பான் ஸ்டீரியோ ஒன்று விலைக்கு வருகிறது. – வாசகி, அண்ணா நகர்

பதில்: ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்ததா, ஏற்றுமதிக்கா என்பதே கேள்வி. உள்நாட்டு செட் 100 வோல்ட். கடையில் கிடைக்கும் 110 வோல்ட் ஸ்டெப்-டவுனே அதற்கு அதிகம். எஃப்எம் 76 முதல் 90 வரைதான், ஆகவே சென்னையின் 91.1-கூட வராது.

பிளேயரில் ஏசி மோட்டாரா என்று பாருங்கள், அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. ஜப்பானின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. 60-க்கான புல்லி (மோட்டாரின் சிறு சக்கரம்) நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடினால் தட்டு நிமிடத்துக்கு 33⅓-க்குப் பதில் சுமார் 27.8 சுற்றுதான் சுற்றும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைத்தால் சரியாகும். டிசி மோட்டார் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: வீடு பெசன்ட் நகரில், கடலிலிருந்து இரண்டு தெரு. எந்த நாட்டு ஸ்பீக்கர் தாங்கும்? – வாசகர்

பதில்: நாட்டைவிட எட்ஜைப் பாருங்கள். கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால் இந்த ஈரத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் நிற்கும். கொல்கத்தாவின் சோனோடைன் முதல் வெளிநாட்டுப் பெயர்கள் வரை ரப்பர் எட்ஜ் கிடைக்கிறது. உப்புக் காற்றில் ஒயர் முனை பச்சை பூக்கும். வருடத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

கேள்வி: பர்மா பஜாரில் விலை குறைவு. துபாய் சரக்கு என்கிறார்கள். – வாசகர், வியாசர்பாடி

பதில்: துபாய், சிங்கப்பூர் இரண்டிலும் மின்சாரம் நம்முடையதை ஒத்தது, செட் ஓடும். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதா? இல்லையென்றால் இந்திய வாரண்டியை எதிர்பார்க்க வேண்டாம். போர்டு போனால் உதிரிப் பாகத்துக்கும் செலவு உங்களுடையது. விலை வித்தியாசம் ஒரு மெயின் போர்டின் விலையைவிடக் குறைவு என்றால் விட்டுவிடுங்கள்.