பையன் வேலைய விட்டுட்டு விவசாயம் பண்ணப்போறேன்றான், என்ன செய்யட்டும்னு கேட்ட அம்மாவுக்கு

அம்மா, நீங்க அனுப்பினத ரெண்டு தடவ படிச்சேன். நாலு வருஷம் இன்ஜினியரிங், மூணு வருஷம் ஓஎம்ஆர்ல வேலை, இப்ப திடீர்னு ரெண்டு ஏக்கர் வாங்கி நமக்கு வேணுங்கறத நாமளே வெளைய வச்சு சாப்ட்டு வாழப்போறேன்றான், வீட்ல ஒரு வாரமா யாரும் சரியா சாப்பிடலன்னு எழுதியிருக்கீங்க. அவன் ஆசைய தடுக்காதீங்க. ஆனா நிலத்த வாங்கிட்டு அப்புறம் கத்துக்கலாம்னு நெனைக்கிறான் பாருங்க, அத மட்டும் விடவே விடாதீங்க.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, எங்கிட்ட ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் இதே மாதிரி சேமிப்பு மொத்தத்தையும் போட்டு கார்த்திகை மாசம் நிலம் பாத்து வாங்கினான், கிணறு தளும்பி நின்னுச்சு, வரப்பெல்லாம் பச்சை. சித்திரைல போனா அடிப்பாறை தெரியுது, மோட்டார் அஞ்சு நிமிஷம் ஓடி காத்த இழுக்குது. கடன் வாங்கி போர் போட்டான், அதுலயும் தண்ணி வரல. அன்னிக்கி நான் அவன்கிட்ட தைரியமா போன்னு சொன்னேனே தவிர கிணத்த பத்தி ஒரு வார்த்த கேக்கல, அது இன்னும் என்ன உறுத்துது.

அதனால ஒரு வருஷம் வேற ஒருத்தர் தோட்டத்துல வேலை செஞ்சு கத்துக்க சொல்லுங்க. ஆபீஸ்ல சம்பளமில்லா லீவு கெடைக்குமான்னு மொதல்ல கேக்கட்டும். ஆடிப்பட்டம் விதைக்கிறதுல இருந்து ஐப்பசி மழை, தை அறுப்பு, பங்குனி சித்திரை வெயில் வரைக்கும் ஒரு முழு சுத்து பாத்தாதான் தெரியும். நாத்து நடுற ரெண்டாவது நாள் இடுப்பு நிமிராது, மம்மட்டி புடிச்ச கையில கொப்புளம் ஒடஞ்சு அதுக்கு மேலயே மறுபடி புடிக்கணும், மாடு வச்சிருந்தா பொங்கலன்னிக்கும் விடியக்காலைல பால் கறந்தாகணும். இதெல்லாம் பாத்த பிறகும் இருக்கேன்னா அவன் நிஜமாவே இருப்பான்.

எங்க கத்துக்கறதுன்னா, கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் இயற்கை விவசாயத்த ஊர் ஊரா பரப்பின நம்மாழ்வார் ஐயா உருவாக்கின வானகம்ங்கற பண்ணைல பயிற்சி தர்றாங்க. ஐயாவும் அண்ணாமலை யுனிவர்சிட்டில வேளாண்மை படிச்சு கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல பாத்த அரசு வேலைய விட்டுட்டு வந்தவர்தாங்க, படிப்பு வீணாப்போச்சேன்னு நீங்க வருத்தப்படுறதால சொல்றேன். அப்புறம் விவசாயிகளுக்கு பயிற்சி தர்ற வேளாண் அறிவியல் நிலையம், கேவிகேன்னு சொல்லுவாங்க, நாட்டுலயே மொதல்ல 1974ல நம்ம புதுச்சேரிலதான் ஆரம்பிச்சாங்க, இப்ப பெரும்பாலான மாவட்டத்துல இருக்கு. ஆனா நாலு நாள் பயிற்சி போயிட்டு வந்து எல்லாம் தெரியும்னு சொன்னா நம்பாதீங்க, பக்கத்து தோட்டக்காரர்கூட ஒரு வருஷம் நிக்கறதுதான் படிப்பு.

கணக்கும் அவனையே போட சொல்லுங்க. நாலு பேர் வீட்டுக்கு நாளைக்கு ஒன்னேகால் கிலோ அரிசின்னா வருஷத்துக்கு 450 கிலோ, நெல்லா கிட்டத்தட்ட 700 கிலோ, 75 கிலோ மூட்டைல ஒம்பது பத்து மூட்டை. தண்ணி இருந்தா முக்கா ஏக்கர்ல எடுத்துடலாம், மாப்பிள்ளை சம்பான்னா அஞ்சு மாசம் காத்திருக்கணும். சோத்துக்கு வழி இருக்குங்க. போன் பில்லு, பெட்ரோல், ஆஸ்பத்திரி செலவு இதெல்லாம் வெளையாது. வேலைய விட்ட அன்னிக்கே ஆபீஸ் இன்சூரன்ஸ் போயிடும், அதனால அவனுக்கும் உங்களுக்கும் தனி ஹெல்த் பாலிசி எடுத்துட்டுதான் ரிசைன் பண்ணணும். பிஎஃப்ல கைய வைக்க வேணாம். வாரத்துக்கு பத்து மணி நேரம் ஃப்ரீலான்ஸ் கோடிங் செஞ்சான்னா கைல காசு பொழங்கும், அதுல ஒரு கேவலமும் இல்ல.

கல்யாணத்த பத்தி கேட்டிருந்தீங்க. சில வீட்ல யோசிப்பாங்க, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆபீஸ் வேலைன்னு சொல்லி பொண்ணு பாத்துட்டு அப்புறம் ஊருக்கு கூட்டிட்டு போறது அந்த பொண்ணுக்கு பண்ற அநியாயம், இப்பவே வெளிப்படையா சொல்லிடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை அழாம அவன்கிட்ட உக்காந்து, எந்த ஊர்ல, யார் தோட்டத்துல, எத்தன மாசம் கத்துக்கப்போறன்னு கேளுங்க. மூணு தோட்டமாவது நேர்ல பாத்துட்டு வரட்டும், அப்புறம் என்கிட்ட பேச சொல்லுங்க. நிலம் பாக்கறதா இருந்தா அடுத்த சித்திரைலதான், மறக்காம கிணத்த எட்டிப்பாத்துட்டு.