வெட்டிய நிழலும் காப்பித் தண்டின் புழுவும்

கேள்வி: தாண்டிக்குடி அருகே, ஏறத்தாழ 3500 அடி உயரத்தில், எட்டு ஆண்டு வயதுள்ள அராபிக்கா காப்பி 2 ஏக்கர் வைத்திருக்கிறேன். சென்ற பிப்ரவரியில் மேற்குச் சரிவிலிருந்த சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றேன். இப்போது, ஜனவரியில், அங்கே நாற்பது செடிகளுக்கு மேல் இலை மஞ்சளாகித் தொங்குகின்றன. தண்டில் வளையமாகப் புடைப்பு தெரிகிறது. கடைக்காரர் வேரில் ஊற்ற மருந்தும், மறுநடவுக்கு வெயில் தாங்கும் சந்திரகிரி நாற்றும் தருவதாகச் சொல்கிறார். எந்த மருந்து ஏற்றது?

பதில்: புடைப்புள்ள தண்டு ஒன்றை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வளைந்து செல்லும் சுரங்கம், புழு கழித்த மரத்தூளால் இறுக அடைபட்டிருக்கும். இது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டின் புழு. அந்த அடைப்பைத் தாண்டிப் புழுவை எட்டும் என்று நம்பி வேரில் மருந்து ஊற்றுவது வீண் செலவு. புடைப்பு கண்ட செடிகளை மார்ச் முடிவதற்குள் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். விறகாகுமே என்று கொட்டகையில் அடுக்கினால் வண்டுகள் அங்கிருந்தே தோட்டத்துக்குப் பறந்து வரும். மற்றச் செடிகளின் உரியும் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்தெடுத்து, 200 லிட்டர் நீரில் 20 கிலோ சுண்ணாம்பும் சிறிது பசையும் கலந்து, தண்டிலும் தடித்த கிளைகளிலும் பூசுங்கள்.

இனி, தாங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். இந்த வண்டு ஏப்ரல்-மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பறக்கிறது. தாய்வண்டு நல்ல வெயில் படும் தண்டைத் தேடிப் பட்டை வெடிப்பில் முட்டையிடுகிறது. பிப்ரவரியில் மரம் வெட்டினீர்கள், ஏப்ரலில் தண்டுகள் வெயிலில் நின்றன, ஒன்பது மாதம் போல உள்ளே இருந்து தின்ற புழுவின் வேலைதான் இப்போது வெளியே தெரிகிறது. அராபிக்கா, எத்தியோப்பிய மலைக்காடுகளில் பெருமரங்களின் அடியில் வளர்ந்த செடி. அதன் மேற்குச் சரிவுக் கூரையைப் பிரித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சந்திரகிரி 2007-இல் வெளியான நல்ல ரகம், இலைத் துருநோயை நன்கு தாங்கும். ஆனால் அதற்கு நிழல் வேண்டாம் என்பது நாற்று விற்பவரின் சொந்தச் சரக்கு. சில்வர் ஓக்கை மட்டும் மீண்டும் நடுவதையும் நான் பரிந்துரைக்கவில்லை. அதன் சன்னமான இலைகளின் ஊடே மாலை வெயில் சாய்வாக இறங்கிவிடும். மேலும், விலை வந்ததும் வெட்டத் தூண்டுகிற மரத்தை நிழலுக்கு நம்புவது எப்படி? பலா, அத்தி, சந்தன வேம்பு ஆகியவற்றை மேல் நிழலாகவும், கல்யாண முருங்கைப் போத்துகளை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைகளை, கீழ் நிழலாகவும் மழைத் தொடக்கத்தில் நடுங்கள். கல்யாண முருங்கையின் இலையைக் கொப்புளமாக்கும் குளவி வந்தபின் அதை மட்டுமே நம்பியிருக்க இயலாது. இவை உயரும் வரை தங்கள் பகுதியின் மலைவாழையே தற்காலிக நிழலாகட்டும். மேற்கு ஓரத்தில் அதைச் சற்று நெருக்கமாக நடுங்கள்.