கார் பார்க்கிங்கில் மின்சார கார் சார்ஜர்: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அபார்ட்மென்டில் மீட்டர் போர்டிலிருந்து கார் நிறுத்துமிடம் 40 மீட்டர். 7.4 கிலோவாட் சார்ஜருக்கு 4 சதுர மி.மீ. ஒயரே போதும், கீசருக்கும் அதைத்தானே போடுகிறோம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். சரியா? – வாசகி, வேளச்சேரி

பதில்: சரியில்லை. கீசர் கால் மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். இந்த சார்ஜரோ 32 ஆம்பியரை நான்கைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். பைப்புக்குள் போகும் 4 சதுர மி.மீ. ஒயர் அந்தச் சூட்டுக்கு ஆகாது. 6 சதுர மி.மீ. செம்பு கேபிள் தாங்கும். ஆனால் 40 மீட்டரில் ஏறக்குறைய 8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 10 சதுர மி.மீ. என்றால் இழப்பு ஏறக்குறைய 5 வோல்ட்தான். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் யோசிக்காமல் 10 வாங்குங்கள்.

மீட்டர் பக்கத்தில் 40 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் அணைக்கும் சுவிட்ச்), அதோடு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) வேண்டும். பலர் கோட்டை விடுவது இரண்டாவதில்தான். வீடுகளில் சாதாரணமாகப் போடும் 'ஏ.சி.' வகை ஆர்.சி.சி.பி. இங்கே உதவாது. காருக்குள் கோளாறு வந்து டி.சி. (பேட்டரியில் உள்ளதுபோல் ஒரே திசையில் பாயும் கரண்ட்) கசிந்தால் அந்த வகை மரத்துப்போகும். ஷாக் அடித்தாலும் ட்ரிப் ஆகாமல் போகலாம். 6 மில்லிஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டறியும் வசதி உண்டு என்று சார்ஜர் கையேட்டில் இருந்தால் 'ஏ' வகை போதும். இல்லையென்றால் 'பி' வகைதான். விலை கடிக்கும், வேறு வழியில்லை.

உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளு 5 கிலோவாட்தான் என்றால், வேலை தொடங்குமுன் மின்வாரியத்தில் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காரோடு வந்த 15 ஆம்பியர் சார்ஜரை பார்க்கிங் சாக்கெட்டில் செருகினால் எர்த் விளக்கு சிவப்பாக எரிகிறது. வீட்டுக்குள் சரியாக வேலை செய்கிறது. – வாசகர், தாம்பரம்

பதில்: அந்த சாக்கெட்டை லைட் லைனிலிருந்து எர்த் இல்லாமல் இழுத்திருப்பார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸ்–நியூட்ரலுக்கு எவ்வளவோ, பேஸ்–எர்த்துக்கும் ஏறக்குறைய அவ்வளவே காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் இடையே ஓரிரு வோல்ட் இருக்கலாம். பேஸ்–எர்த் அளவு அப்படி வராவிட்டால் எர்த் குழியிலிருந்து தனி எர்த் ஒயர் இழுங்கள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டி விளக்கை அணைத்துத் தரும் 'கைராசிக்காரர்கள்' உண்டு, அப்படிச் செய்ய விடாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க கரண்ட் பாயும்.

கேள்வி: சார்ஜர் வைக்க அபார்ட்மென்ட் சங்கம் மறுத்தால் தனி மின் இணைப்பு வாங்க முடியுமா? – வாசகர், கோவை

பதில்: கேட்கலாம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் கார் சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு பெற வழிசெய்கின்றன. ஆனாலும் கேபிள் பொதுச் சுவர் வழியாகத்தானே போக வேண்டும்? கேபிள் பாதை வரைபடத்தோடு போய்ப் பேசுங்கள். பத்து கார் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறினால் 74 கிலோவாட். சங்கத்தின் கவலை நியாயமானதே. பளுவைப் பகிர்ந்து கொடுக்கும் சார்ஜர்களை எல்லோருமாக வாங்குவது நல்லது. பேஸ்மென்ட் என்றால், மழையில் தண்ணீர் ஏறிய அடையாளத்துக்கு மேலே சார்ஜரை மாட்டுங்கள். தண்ணீரில் இறங்காமலே அணைக்கும்படி மெயின் சுவிட்ச் மேல்தளத்தில் இருக்கட்டும்.