பிரெஞ்சு மேடையில் ரோமாபுரி

கேள்வி: தில்லியில் பிரெஞ்சு இலக்கியம் படிக்கும் என் மகளுக்கு இந்தப் பருவத்தில் கொர்னேயின் ‘ஒராஸ்’ நாடகம் பாடம். எழுதியவர் பிரெஞ்சுக்காரர், கதையோ ரோமாபுரிக் கதை. அவர்கள் நாட்டில் ராஜாக்களே இல்லையா?
– வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: ராஜாக்கள் இருந்தார்கள், அதுதான் சிக்கல். சிம்மாசனத்தில் இருப்பவரின் தாத்தா செய்தது சரியா என்று மேடையில் விவாதிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? நீரோவையும் அகஸ்டஸையும் வைத்து என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். அதோடு, ரூவான் நகரத்தில் யேசு சபைப் பள்ளியில் லத்தீன் படித்து வளர்ந்தவர் கொர்னே. லிவி எழுதிய ரோமாபுரி வரலாறு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் ‘ஒராஸ்’ (1640) என்னை இன்னமும் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு. ரோமுக்கும் பக்கத்து நகரமான அல்பாவுக்கும் போர். இந்தப் பக்கம் மூன்று சகோதரர்கள், அந்தப் பக்கம் மூன்று சகோதரர்கள் மோதித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாகிறது. இரண்டு குடும்பமும் சம்பந்திகள். ரோம் பக்கத்துச் சகோதரன் ஒராஸின் மனைவி சபீன் எதிரி வீட்டுப் பெண்; அவன் தங்கை கமீய், எதிரிச் சகோதரர்களில் ஒருவனான குரியாஸுக்கு நிச்சயிக்கப்பட்டவள். லிவியிடம் சபீன் கிடையாது. அவளைக் கொர்னேதான் உண்டாக்கினார். யார் ஜெயித்தாலும் அழ ஒரு பெண் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ரோம் பக்கத்தில் இரண்டு பேர் செத்துவிட, மிஞ்சிய மகன் களத்தைவிட்டு ஓடிவிட்டான் என்று அவன் அப்பா கிழவர் ஒராஸுக்குச் சேதி வருகிறது. மூன்று பேருக்கு எதிரே தனி ஆளாக அவன் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டதற்கு, ‘செத்திருக்க வேண்டும்’ என்கிறார். புறநானூற்றில் மகன் புறமுதுகு காட்டினான் என்று கேட்டு வாளோடு களத்துக்குப் போகும் காக்கைபாடினியாரின் கிழவி நினைவுக்கு வருகிறாள் அல்லவா? நம் கிழவி பிணங்களைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதைப் போலவே இவரும் பிறகு உண்மையைத் தெரிந்துகொள்கிறார்: ஓடியது தந்திரம். காயம்பட்ட எதிரிகளைப் பிரித்து ஒவ்வொருவராக வீழ்த்தியிருக்கிறான்.

அப்புறம்தான் அந்தக் காட்சி. வெற்றியோடு திரும்பும் அண்ணன் முன்னால் கமீய் நிற்கிறாள். அடுத்தடுத்து நான்கு அடிகள் ‘ரோம்’ என்றே தொடங்குகின்றன. நான்காவதில், உன்னைப் போற்றுகிறது என்பதாலேயே அதை வெறுக்கிறேன் என்கிறாள். தில்லியில் நான் பாடம் நடத்திய காலத்தில் மாணவிகளை எழுந்து நின்று படிக்கச் சொல்வேன். அடிக்குப் பன்னிரண்டு அசை, ஆறாவதில் ஒரு நிறுத்தம். அந்தத் தாளத்தை மனசு வைத்துச் சொன்னால் மூச்சு வாங்கும். கடைசியில் அண்ணனே அவளை வெட்டிக் கொல்கிறான். நாட்டுக்குச் செய்த உபகாரத்துக்காக மன்னர் அவனை மன்னித்துவிடுகிறார். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் மகளும் ஏற்க வேண்டியதில்லை. தேர்வில் காரணத்தோடு எழுதட்டும்.

கேள்வி: ரசீனும் ரோமைத் தொட்டாரா?
– வாசகர், கரோல் பாக், தில்லி

பதில்: கொர்னேக்குப் பின் வந்த பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீனும் தொட்டார். ‘பிரிட்டானிகுஸ்’ (1669) நாடகத்தில் நீரோ கொடுங்கோலனாக மாறும் முதல் நாட்களைக் காட்டுகிறார். ‘பெரெனீஸ்’ (1670) நாடகத்தில் ஒரு சாவுகூட இல்லை. பேரரசன் தீத்துஸ் ஓர் அந்நிய ராணியை மணந்துகொள்ள ரோம் சம்மதிக்காது. அதனால் பிரிகிறார்கள், அவ்வளவுதான். அதே கதையைக் கொர்னேயும் எழுத, ஒரு வார இடைவெளியில் இரண்டும் பாரிஸில் மேடையேறின. முதலில் ரசீனுடையதைப் படியுங்கள்.